உடையாத குளம்: ஓர் இணையச் செய்தித் தவறும் அதன் திருத்தமும்

இங்கே ஆராயப்படும் நிகழ்வு, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் மழைக்காலச் செய்திகளைக் கையாளும் செய்தியாளர்களின் பயிற்சிக்காக அமைக்கப்பட்டது. இதில் வருபவை அனைத்தும் ஒரே தளத்தில், ஒரே இரவில் நடந்தன என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இதில் வரும் ஒவ்வொரு பிழையும் இரண்டு மூன்று பேரை மட்டும் வைத்து இயங்கும் செய்தித்தளங்களில் நேரக்கூடியதே. ஆகவே இது எந்தத் தளம் என்று ஊகிப்பதில் பயனில்லை. குளங்கள், ஊர்கள், சட்டங்கள், நிறுவனங்கள் பற்றிக் கூறப்படுபவை மட்டும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

இரண்டு குளங்கள்

ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நீளும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வன்னியில் மிக விரைவாகப் பரவும் செய்தி குளம் பற்றிய செய்திதான். நெற்செய்கை பெரிதும் குளத்து நீரை நம்பியிருப்பதாலும், கட்டுக்குக் கீழே குடியிருப்போரின் பாதுகாப்பு அந்நீரின் மட்டத்தைப் பொறுத்திருப்பதாலும், எந்தக் குளம் எத்தனை அடி, எது வான் பாய்கிறது (நிரம்பி மிகைநீர் வழிகிறது), எங்கே கதவு திறந்தார்கள் என்பவற்றை அறிய இரவிலும் மக்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வவுனியா மாவட்டத்தில் தொடங்கி வடக்கு நோக்கி ஓடும் கனகராயன் ஆறுதான் வடமாகாணத்தின் மிகப்பெரிய குளமான இரணைமடுவை நிரப்புகிறது. குளம் நிரம்பினால் வான்கதவுகள் வழியாக வெளியேறும் நீர் சுண்டிக்குளம் கடனீரேரியை நோக்கிச் செல்கிறது. பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை முதலிய ஊர்கள் அந்நீர் செல்லும் பக்கத்தில் உள்ளவை. இரணைமடுவின் கொள்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்ட புனரமைப்புக்குப் பின்னர், 2018 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பெய்த பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி அப்போது எழுந்து, விசாரணையும் நடைபெற்றது. அந்த இரவை அனுபவித்த ஒரு குடும்பத்துக்குக் குளம் பற்றிய தலைப்பு எதுவும் வெறும் தலைப்பாகத் தோன்றாது. நிகழ்வின் பாரம் முழுவதும் இந்தப் பின்னணியில்தான் இருக்கிறது.

கனகராயன்குளம், ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில், வவுனியா வடக்கில் இருக்கிறது. கனகாம்பிகைக்குளம் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுவை அண்டி இருக்கிறது. முதலாவதன் பெயரே ஆற்றை நினைவூட்டுவது. ஆகவே அங்கே உடைப்பு என்றால் அந்த நீர் இரணைமடுவுக்கு வரும், இரணைமடுவின் கதவுகள் திறக்கப்படும், முரசுமோட்டைக்கு வெள்ளம் வரும் என்று ஊரார் கணக்குப் போடுவார்கள். இரண்டாவது, நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் நிரம்பி வான் பாய்வது வழமை. அயலில் தாழ்நிலத்தில் இருப்போர் கவனமாக இருந்தால் போதும்.

இரவு நடந்தது

மழை விடாமல் பெய்த ஒரு மார்கழி இரவு, பிரதேசச் செய்தியாளர் ஒருவர் தளத்தின் செய்திப்பிரிவுக்கு வட்ஸ்அப்பில் குரற்பதிவு ஒன்றை அனுப்பினார். "கனகாம்பிகை வான் பாயுது அண்ணை, றோட்டுக்கு மேலாலையும் தண்ணி போகுது" என்பதே அதன் சாரம். காற்றின் இரைச்சலில் பதிவு தெளிவாக இல்லை. செய்திப்பிரிவில் அன்றிரவு இருந்தவர் வன்னியைச் சேர்ந்தவரல்லர். கேள்விப்பட்ட பெயராக அவருக்குத் தோன்றியது கனகராயன்குளம். வீதிக்கு மேலால் நீர் போகிறது என்றால் கட்டு உடைந்திருக்க வேண்டும் என்றும் அவரே முடிவுசெய்தார். 9.40க்கு "கனகராயன்குளம் உடைப்பெடுத்தது, மக்கள் வெளியேற்றம்" என்ற தலைப்பு வெளியானது. வெளியேற்றம் பற்றி எவரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. படம் வராததால், பழைய வெள்ளம் ஒன்றின்போது எடுக்கப்பட்ட, உடைந்த கட்டின் படம் தேடி இணைக்கப்பட்டது. அது பழைய படம் என்ற குறிப்பு எதுவும் இல்லை.

தலைப்பும் படமும் சேர்ந்த அட்டை முகநூல் பக்கத்திலும், தளம் நடத்தும் வட்ஸ்அப் குழுக்களிலும் சில நிமிடங்களில் போடப்பட்டது. தளத்தின் செயலியை வைத்திருப்போருக்கு அறிவிப்பும் போயிற்று. 10.15க்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கனகராயன்குளத்தின் கட்டுக்கு எதுவும் நேரவில்லை என்றும் வான் பாய்வது கனகாம்பிகைக்குளமே, அதன் கட்டும் பாதுகாப்பாக உள்ளது என்றும் தெரிவித்தார். அதற்குள் முரசுமோட்டைப் பக்கத்தில் சிலர் பிள்ளைகளையும் முதியோரையும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு மேட்டுநிலத்திலிருந்த பாடசாலைக்குப் போய்விட்டிருந்தனர். பட்டியில் நின்ற மாடுகளை அவிழ்த்து விட்டவர்களும் இருந்தனர்.

அழைப்புக்குப் பிறகு தளம் செய்தவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஆய்வுக்குரியது தவறைவிட இந்த வரிசையே. 10.25க்குத் தலைப்பு "கனகாம்பிகைக்குளம் வான் பாய்கிறது" என்று மாற்றப்பட்டது. மாற்றியதாக எந்தக் குறிப்பும் இல்லை, படமும் அப்படியே இருந்தது. படத்தைப் பார்த்த வாசகர்கள் இப்போது கனகாம்பிகைக்குளம் உடைந்துவிட்டதாகக் கேட்கத் தொடங்கவே, 10.50க்குச் செய்தி முழுவதும் நீக்கப்பட்டது. முகநூல் அட்டையும் குழுக்களில் போடப்பட்டதும் அப்படியே கிடந்தன. மறுநாள் காலை 7 மணிக்குத் தளம் புதிய செய்தியொன்றை வெளியிட்டது: "கனகராயன்குளம் உடையவில்லை, வதந்திகளை நம்ப வேண்டாம் எனப் பொறியியலாளர் கோரிக்கை".

வதந்தி என்று எழுதியது யார்?

மேற்சொன்னவற்றுள் மிகப் பாரதூரமானது எது என்று பயிற்சிகளில் கேட்டால் பெரும்பாலோர் முதல் தலைப்பைச் சுட்டுவார்கள். அது இயல்பான விடை. எனினும் முதல் தலைப்பு, இரவு நேர அவசரத்தில், தெளிவற்ற குரலைக் கேட்டு, ஊரறியாத ஒருவர் செய்த பிழை. அதைக் குறைக்கும் வழிகள் உண்டு, அடியோடு இல்லாமற் செய்யும் வழி இல்லை. காலைச் செய்தி அப்படிப்பட்டதன்று. தூங்கி எழுந்து, யோசித்து, தனது சொந்தத் தவறைப் பெயர் தெரியாத யாரோ பரப்பிய வதந்தியாக மாற்றி எழுதியது அது. பொறியியலாளரின் மறுப்பு ஒரு புதிய செய்தியாகவும், தளம் அந்த மறுப்பை மக்களிடம் கொண்டுசேர்த்த பொறுப்பான ஊடகமாகவும் அங்கே காட்சியளித்தன. இரவு அந்த அட்டையைத் தன் உறவினர் பத்துப்பேருக்கு அனுப்பிய முரசுமோட்டைப் பெண், காலையில் தானே வதந்தி பரப்பியவராகிவிட்டார்.

இந்த வழக்கம் நமது செய்தித்தளங்களில் வேரூன்றியிருப்பதற்குக் காரணம் கெட்ட நோக்கம் என்று சொல்ல முடியாது. மறுப்பு அறிக்கையைச் செய்தியாக்குவது எளிது. அதற்கு ஒரு பழக்கப்பட்ட வடிவம் உண்டு. அதிகாரி ஒருவரின் பெயரும் கிடைத்துவிடுகிறது. தன் தவறைத் தானே எழுதுவதற்கு அப்படி ஒரு பழகிய வடிவம் இல்லை. அச்சுப் பத்திரிகைகளில் உள்பக்கத்தின் மூலையில் "தவறுக்கு வருந்துகிறோம்" என்று இரண்டு வரி போடும் வழக்கமாவது இருந்தது. அந்த இரண்டு வரியிலும் எது தவறு என்பது பல நேரங்களில் இருக்காது என்பது வேறு கதை.

இணையத்தில் அந்த மூலையும் போய்விட்டது. அச்சில் தவறு நிலையானது, நேற்றைய தாள் வீட்டில் இருக்கும், ஆகவே இன்றைய தாளில் திருத்தம் போட்டே ஆக வேண்டும். இணையப் பக்கத்தில் சொல்லை மாற்றினால் தவறு நடந்ததே தெரியாது என்ற மயக்கம் உண்டாகிறது. உண்மையில் அந்த மாற்றம் ஒரு பிரதியில் மட்டுமே நிகழ்கிறது. மற்றைய பிரதிகள் எல்லாம் பழையபடியே சுற்றுகின்றன. இணையக் காப்பகமான வேபேக் மெஷின் போன்றவையும் பக்கத்தின் முன்னைய வடிவங்களைச் சேமித்து வைத்திருக்கக்கூடும். அதைவிட, வாசகரின் கைபேசியில் உள்ள ஸ்கிரீன்ஷொட் போதும்.

தவறு போன வழிகள்

எனவே இந்த நிகழ்வில் செய்திப்பிரிவு முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தவறான செய்தி எவ்வெவ் வழிகளில் வெளியே போயிற்று என்பதே. வன்னி வாசகர்களுள் பெரும்பாலானோர் தளத்தின் பக்கத்தைத் திறந்து படித்தவர்களல்லர். அட்டையையும், இணைப்போடு தெரியும் தலைப்பையும் பார்த்தவர்கள். இந்த இரண்டையும் தொடாத திருத்தம் அவர்களைச் சென்றடையப் போவதில்லை.

வட்ஸ்அப்பில் இணைப்பு ஒன்றை அனுப்பும்போது தோன்றும் தலைப்பும் படமும் அனுப்பிய நேரத்தில் எடுக்கப்பட்டவை. பிறகு தளத்தில் தலைப்பை மாற்றினாலும், ஏற்கெனவே அனுப்பப்பட்ட செய்தியில் பழைய தலைப்பே நிற்கும். அனுப்பியவர் ஏறக்குறைய இரண்டரை நாளுக்குள் எல்லோருக்குமாக அதை அழிக்கலாம். ஆனால் அதிலிருந்து பிறர் முன்னனுப்பியவை தனிச் செய்திகள் ஆகிவிடுவதால் அவை அழியா. ஆகவே குழுக்களில் இரண்டும் செய்யப்பட வேண்டும்: பழையதை அழிப்பதும், அழித்தது என்ன, ஏன் என்று உடனே அதே குழுவில் எழுதுவதும். அழித்துவிட்டுப் பேசாமல் இருந்தால், அரசாங்கம் அழிக்கச் சொன்னது, உண்மையை மறைக்கிறார்கள் என்ற பேச்சுத்தான் எழும். வன்னியில் அந்தப் பேச்சு எழுவதற்கு வரலாறு நிறையக் காரணங்களைத் தந்திருக்கிறது. பழைய செய்தியை மேற்கோளாக எடுத்து அதன் கீழே திருத்தத்தை எழுதலாம் என்பாரும் உண்டு. சாதாரணச் செய்திகளுக்கு அது நல்ல முறை. உயிர் ஆபத்துச் சார்ந்த செய்தியில், அவசரமாகப் பார்ப்பவரின் கண்ணில் மேலேயுள்ள பிழையான வரி மட்டும் படக்கூடுமாதலால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முகநூலில் பதிவின் எழுத்தைத் திருத்தலாம். பதிவைப் பகிர்ந்தவர்களின் பக்கத்திலும் திருத்திய எழுத்தே தெரியும். அட்டையில் பொறிக்கப்பட்ட தலைப்பு அப்படியன்று. எழுத்தில் திருத்தம் என்று போட்டுவிட்டு, அதன் கீழே "உடைப்பெடுத்தது" என்று சிவப்பில் எழுதிய அட்டையை விட்டுவைப்பது வெறும் கண்துடைப்பு. அதே அளவில், அதே வடிவமைப்பில், "திருத்தம்" என்ற சொல் முதலில் தெரியும் புதிய அட்டை ஒன்று தயாரிக்கப்பட வேண்டும். தவறான அட்டை எவ்வளவு எளிதில் முன்னனுப்பப்பட்டதோ அவ்வளவு எளிதில் முன்னனுப்பத்தக்கதாக இது இருக்க வேண்டும். செயலியில் அறிவிப்பாகப் போனதற்கும் இரண்டாவது அறிவிப்பே பதில். தவறுக்கு அறிவிப்பு மணி அடித்த தளம் திருத்தத்துக்கு அடிக்காமல் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணம், வாசகருக்குத் தொந்தரவு என்பது. பாடசாலைத் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டிருந்தவர்கள் அந்தத் தொந்தரவை விரும்பியே ஏற்றிருப்பார்கள்.

புலம்பெயர் தளங்கள் இன்னொரு வழி. கிளிநொச்சியில் இரவு 10 மணி ஆகும்போது ரொறன்ரோவில் முற்பகல் 11.30, இலண்டனில் பிற்பகல் 4.30. இங்கே தூங்கும் நேரத்தில் அங்கே செய்தி படிக்கும் நேரம். 9.40க்கு வெளியான தலைப்பை எடுத்துப் போட்ட தளங்கள் அதை ஒரு முழுப் பகற்பொழுது வைத்திருந்தன. ஊரில் காலை 7 மணிக்கு மறுப்பு வந்தபோது ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 8.30. இடைப்பட்ட நேரத்தில் அங்கிருந்து ஊருக்கு வந்த தொலைபேசி அழைப்புகள்தான், செய்தியைக் காணாதவர்களையும் எழுப்பிவிட்டன. "தண்ணி வருதாம், இன்னும் வீட்டிலையோ நிக்கிறியள்?" என்று கனடாவிலிருந்து மகன் கேட்டால், எந்தத் தாய் அசையாமல் இருப்பார்? பிரதி எடுத்த தளங்களைத் திருத்தச் செய்வது மூலத் தளத்தின் கடமையன்று என்று வாதிடலாம். ஆயினும் யார் எடுத்தார்கள் என்பது பெரும்பாலும் ஒரே தேடலில் தெரிந்துவிடும். தெரிந்தவர்களுக்கு ஒரு வரி அனுப்புவதற்கு அதிக நேரம் ஆகாது. சர்வதேசச் செய்தி முகவரகங்களுக்கு இது புதிதன்று. ரொய்ட்டர்ஸ் போன்ற முகவரகம், தன் செய்தியை வாங்கிப் பயன்படுத்தும் ஊடகங்கள் பல என்பதால், திருத்திய செய்தியைத் திருத்தப்பட்டது என்ற அடையாளத்துடன் மீண்டும் அனுப்பி, எது மாற்றப்பட்டது என்பதையும் அதிலேயே கூறுகிறது.

இணையத்துக்கு வெளியிலும் வழிகள் உண்டு. அன்றிரவு செய்தியைக் கோயில் ஒலிபெருக்கியில் சொன்னவரும், வீடு வீடாகத் தட்டியவரும் தளத்தின் வாசகர்களே. கிராம அலுவலர்களுக்கும், பிரதேச செயலகத்துக்கும், மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் செய்திப்பிரிவே அழைத்து "நாங்கள் போட்டது பிழை" என்று சொல்லியிருந்தால், பாடசாலைக்குப் போனவர்கள் நள்ளிரவுக்கு முன்பே வீடு திரும்பியிருப்பார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைத் திருத்த அட்டையில் சேர்ப்பதும் பயனுள்ளது; தளத்தை இனி நம்பாத ஒருவருக்கு வேறிடத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளும் வழி வேண்டும்.

திருத்தத்தில் எழுதவேண்டியது

1994இல் ஹொலின் ஜோன்சன், கொலின் சைபேர்ட் என்ற உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. களஞ்சியம் ஒன்றில் ஏற்பட்ட தீ பற்றிய செய்தித் துணுக்குகளை அவர்கள் மக்களுக்குப் படிக்கக் கொடுத்தனர். அறையொன்றில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இருந்தன என்று முதலில் சொல்லி, பின்னர் அந்த அறை வெறுமையாகவே இருந்தது என்று திருத்தினர். திருத்தத்தைப் படித்து நினைவில் வைத்திருந்தவர்கள்கூட, தீக்கான காரணத்தை விளக்கும்போது அந்தப் பொருள்களையே தொடர்ந்து சுட்டினர். தீக்கு வேறொரு காரணம் தரப்பட்டபோது அந்தப் போக்குக் குறைந்தது. முதற் செய்தியை நீக்கினால் விளக்கத்தில் ஓர் இடைவெளி விழுகிறது. அதை நிரப்பாவிட்டால் பழையதே திரும்ப வந்து அமர்ந்துகொள்கிறது.

"கனகராயன்குளம் உடையவில்லை" என்ற காலைத் தலைப்பின் குறை இதுவே. குளம் உடையவில்லை என்றால் வீதிக்கு மேலால் போன நீர் எது? படத்தில் இருந்த உடைந்த கட்டு எந்தக் கட்டு? விடை கிடைக்காதவர்கள், ஏதோ நடந்திருக்கிறது, மூடி மறைக்கிறார்கள் என்று நினைத்ததில் வியப்பில்லை. அன்றிரவு 10.20க்கே வெளியிட்டிருக்கக்கூடிய குறிப்பு ஒன்றை இப்படி அமைக்கலாம்:

"திருத்தம்: கனகராயன்குளம் உடைப்பெடுக்கவில்லை. இரவு 9.40க்கு நாம் வெளியிட்ட செய்தி தவறானது. கிளிநொச்சியிலுள்ள கனகாம்பிகைக்குளம் நிரம்பி வான் பாய்கிறது. வீதியை மேவிப் பாய்வது அந்நீரே. அதன் கட்டு பாதுகாப்பாக உள்ளது என நீர்ப்பாசனப் பொறியியலாளர் 10.15க்கு எமக்கு உறுதிப்படுத்தினார். வெளியேறுமாறு அதிகாரிகள் எவரும் அறிவிக்கவில்லை. செய்தியுடன் வெளியான படம் பழைய வெள்ளம் ஒன்றுக்குரியது, அதை நீக்கியுள்ளோம். குளத்தின் பெயரும் உடைப்பு என்ற தகவலும் எமது செய்திப்பிரிவில் நேர்ந்த பிழைகள்."

பிழை பெயரில் மட்டுமன்றி, உடைப்பிலும், வெளியேற்றத்திலும், படத்திலும் இருந்தது. நான்கையும் தனித்தனியே சொல்லாத திருத்தம் அரைத் திருத்தம். சரியான தகவல் முதல் வாக்கியத்தில் வர வேண்டும், ஏனெனில் அட்டையில் முதல் வாக்கியத்துக்கு மேல் படிப்பவர் சிலரே. உறுதிப்படுத்தியவர் யார், எத்தனை மணிக்கு என்பது இல்லாமல், இரண்டு முரண்பட்ட தகவல்களுள் எதை நம்புவது என்று வாசகர் தீர்மானிக்க முடியாது. பிழை எங்கே நேர்ந்தது என்ற கடைசி வாக்கியத்தைப் பல ஆசிரியர்கள் வெட்டிவிட விரும்புவார்கள். அதை வெட்டினால் பழி தானாகவே பிரதேசச் செய்தியாளர்மீது விழுகிறது. செய்திக்கு இவ்வளவு என்று சிறு தொகை பெற்று, மழையில் மோட்டார்ச் சைக்கிளில் போய், சரியான தகவலை அனுப்பியவர் அவர். மறுநாள் அந்த ஊரின் தேநீர்க்கடையில் அமர வேண்டியவரும் அவரே. "எமது செய்தியாளர் தந்த தவறான தகவலால்" என்று எழுதும் பழக்கம் இந்த நிகழ்வில் ஒரு இரண்டாவது பொய்யாகியிருக்கும்.

குறிப்பை எங்கே வைப்பது என்பதிலும் தயக்கம் வேண்டாம். பக்கத்தின் அடியில் திருத்தம் போடுவது அச்சுக் காலத்து மூலையின் மறுபிறவி. கதையின் மையமே மாறிவிட்ட இடத்தில் குறிப்புத் தலைப்புக்கு அடுத்து வர வேண்டும். வயது, பதவிப்பெயர் போன்ற சிறு பிழைகளுக்கு அடியில் வைப்பது போதும். வெறும் எழுத்துப்பிழையைக் குறிப்பில்லாமலே திருத்தலாம். பக்கத்தை நீக்குவது மிக அரிதான நடவடிக்கையாக இருக்க வேண்டும். 10.50க்குப் பின்னர் அந்த இணைப்பைத் திறந்தவர்களுக்குக் கிடைத்தது "பக்கம் காணப்படவில்லை" என்ற வரி மட்டுமே; அதே முகவரியில் திருத்தம் இருந்திருந்தால், பழைய இணைப்பை முன்னனுப்பிய ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே திருத்தத்தைப் பரப்பியிருப்பார்கள். முகவரியில் பிழையான குளத்தின் பெயர் இருந்தால், புதிய முகவரி ஒன்றை அமைத்து, பழையதைத் திறப்போர் தானாகவே அங்கே செல்லுமாறு செய்யலாம். வெளியிட்ட நேரமும் மாற்றிய நேரமும் பக்கத்தில் தெரிய வேண்டும். தேடுபொறிகள் படிக்கும் தரவுக்குறிப்புகளிலும் இவ்விரண்டுக்கும் இடமுண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அன்றிரவே பின்னர் இரணைமடுவின் இரண்டு கதவுகள் திறக்கப்பட்டு, விடியற்காலையில் திறந்த கதவுகளின் எண்ணிக்கை ஆறாக உயர்ந்திருந்தால், முதலில் வெளியிட்ட எண் பிழையானதன்று. நிலைமை மாறியது, அவ்வளவே. அதைத் திருத்தம் என்று எழுதினால் உண்மையான திருத்தத்துக்கு மதிப்பில்லாமற் போகும். மறுபுறம், நமது பிழையைப் "பிந்திய செய்தி" என்ற பெயரில் ஒளித்துவைக்கும் தந்திரமும் பரவலாக உண்டு.

சட்டமும் அச்சமும்

திருத்தம் வெளியிடத் தயங்கும் ஆசிரியர்கள் கூறும் காரணங்களுள் மதிப்பளிக்க வேண்டியது சட்டம் பற்றிய அச்சம். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. எனினும் 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைக் குறித்த சில சூழல்களில் குற்றமாக்கி, அவற்றைக் கையாள ஓர் ஆணைக்குழுவை அமைக்கவும் வழிசெய்தது. அந்தச் சட்டம் ஊடகத்தை அச்சுறுத்தும் கருவியாகலாம் என்ற விமர்சனம் நாட்டில் பலமாக எழுந்தது. வடக்கில் செய்தியாளராக இருப்பவர் அந்த அச்சத்தை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உணர்வார். தவறை ஒப்புக்கொள்ளும் குறிப்பு நாளை தமக்கு எதிரான சான்றாகுமோ என்ற கேள்வியை எள்ளி நகையாட முடியாது. வழக்கு வரக்கூடிய விடயத்தில் சட்டத்தரணியைக் கேட்டே சொற்களை அமைக்க வேண்டும்.

ஆனால் குளச் செய்தியில் மௌனம் எவ்விதக் காப்பையும் தருவதில்லை. பிழையான அட்டை ஆயிரம் கைபேசிகளில் இருக்கும்போது, தளத்தில் மட்டும் அது இல்லாமற்போனது மறைக்க முயன்றதற்கான அடையாளமாகவே பார்க்கப்படும். பதினைந்து நிமிடத்தில் திருத்தியவரும், ஒருபோதும் திருத்தாதவரும் ஒரே தட்டில் வைத்து எடைபோடப்படுவதில்லை. இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் தொழில் ஒழுக்கக்கோவை, தவறான செய்தியைத் தாமதமின்றி, உரிய முக்கியத்துவத்துடன் திருத்துமாறு கோருகிறது. 2003இல் அமைக்கப்பட்ட பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு அந்தக் கோவையின் அடிப்படையில் முறைப்பாடுகளை ஏற்கிறது. இக்கோவையைத் தானாகவே ஏற்றுக்கொண்டு, முறைப்பாட்டை யாரிடம், எந்த இலக்கத்தில் தெரிவிப்பது என்பதை முகப்பிலேயே போடும் ஒரு சிறு தளம், அரசின் ஆணைக்குழு வந்து திருத்தும் நிலைக்குப் பெரும்பாலும் போகாது.

முறைப்பாட்டைக் கேட்பவர், செய்தியை எழுதியவராக இருத்தலாகாது. இலண்டனின் கார்டியன் 1997இலும், சென்னையின் தி இந்து 2006இலும் இதற்கென வாசகர் ஆசிரியர் என்ற பதவியை ஏற்படுத்தின. மூன்று பேர் கொண்ட தளத்துக்கு அது எட்டாதது. ஆனால் மாதத்தில் இரண்டு மணிநேரம் ஒதுக்கக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியரோ, கமக்காரர் அமைப்பில் மதிப்புப்பெற்ற ஒருவரோ கிளிநொச்சியில் கிடைக்காமற் போக மாட்டார். அவருக்கு ஊர்ப்பெயர்கள் தெரிந்திருக்கும் என்பது கூடுதல் நன்மை. கனகாம்பிகையையும் கனகராயனையும் அவர் ஒருநாளும் மாற்றிக் கேட்கமாட்டார்.

அடுத்த மழை

அட்டைச் சம்பவத்தின் முழு விளைவு அன்றிரவோடு முடியவில்லை. நான்கு நாள்கள் கழித்து இரணைமடுவின் நீர்மட்டம் உயர்ந்து, வான்கதவுகள் திறக்கப்படவுள்ளதாகத் திணைக்களம் முறைப்படி அறிவித்தது. அதே தளம் அதைச் சரியாகவே வெளியிட்டது. கருத்துப் பகுதியில் முதலில் வந்த கேள்வி, "இது உண்மையோ, போன கிழமை மாதிரியோ?" என்பது. உழவு இயந்திரத்துக்கு ஒருமுறை டீசலடித்து ஏமாந்தவர்கள் இரண்டாம் முறை பொறுத்திருந்து பார்த்தார்கள். தாழ்நிலத்தில் இருந்த சிலர் நீர் முற்றத்துக்கு வந்த பின்னரே வெளியேறினர். உயிருக்கு எதுவும் நேரவில்லை, கோழிகளும் விதைநெல்லும் போயின. இத்தகைய இழப்பைத் தளத்தின் கணக்கில் எவரும் எழுதப் போவதில்லை. ஆனால் அன்றிரவே, தன் பெயரில், தன் அட்டையில் தளம் திருத்தியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு இணைப்பையாவது காட்டியிருக்க முடியும்: பிழைவிட்டோம், நாற்பது நிமிடத்தில் சொன்னோம், இதோ.

அதற்காகவே திருத்தங்கள் எல்லாம் ஓரிடத்தில், நாள்வரிசையில், தளத்தின் முகப்பிலிருந்து திறக்கக்கூடிய பக்கமாக இருக்க வேண்டும். அப்பக்கம் நீண்டுகொண்டு போவதைப் பார்த்து வெட்கப்படும் ஆசிரியர்கள், மாதக்கணக்கில் ஒரு திருத்தமும் வெளியிடாத தளங்களை வாசகர் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம். உள்ளே வைத்திருக்கும் பதிவேட்டில் இன்னும் சிலவற்றைக் குறிக்க வேண்டும்: பிழை எந்த நிலையில் நுழைந்தது, யார் அதைச் சுட்டினார், எந்தெந்த வழிகளில் திருத்தம் போனது. இந்த நிகழ்வின் பதிவு இருந்திருந்தால் இரண்டு நடைமுறைகள் மறுவாரமே வந்திருக்கும். வன்னியின் குளப்பெயர்கள் மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு ஆகியவற்றுடன் செய்திப்பிரிவின் சுவரில் தொங்கியிருக்கும். உடைப்பு என்ற தகவல் திணைக்களத்தையோ கிராம அலுவலரையோ அழைக்காமல் தலைப்பில் ஏறாது.

மிஞ்சியிருப்பது பழைய அட்டை. முகநூலும் வட்ஸ்அப்பும் பழைய படங்களை மழை வரும்போதெல்லாம் மீண்டும் மேலே கொண்டுவருகின்றன. அடுத்த ஐப்பசியில் யாரோ ஒருவர் "கனகராயன்குளம் உடைப்பெடுத்தது" என்ற அதே அட்டையை நல்லெண்ணத்துடன் ஒரு குழுவில் போடுவார். அதில் தளத்தின் சின்னம் இருக்கும், திகதி இருக்காது. ஆகவே வெளியிடும் ஒவ்வொரு அட்டையிலும் திகதியையும் நேரத்தையும் தலைப்பின் அளவுக்கு அருகான எழுத்தில் பொறிப்பதும், மழைக்காலம் தொடங்கும்போது சென்ற ஆண்டின் குளச் செய்தித் திருத்தங்களை எடுத்துக் குழுக்களில் ஒருமுறை மீண்டும் போடுவதும் செய்திப்பிரிவின் ஐப்பசி மாத வேலைகளில் சேர்க்கப்பட வேண்டும்.